பழைய படகு இன்ஜின்: கியர் போட்டால் மட்டும் கடகடவென்று சத்தம்

ஏரிக்கரை:
வணக்கம். காவேரிப்பாக்கம் ஏரியில் மீன் பிடிக்கிறோம். ஃபைபர் படகு, 8 எச்.பி. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டுகிற இன்ஜின். கடலோரத்தில் பல வருஷம் ஓடிய இன்ஜின். நியூட்ரலில் சீராகத்தான் ஓடுகிறது. முன் கியர் போட்டதும் தண்ணீருக்கு அடியில் கடகடவென்று சத்தம், வேகம் கூட்டினால் எதையோ அரைப்பது போல் ஆகிவிடுகிறது. ரிவர்ஸில் அவ்வளவாக இல்லை. கூலிங் தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுகிறது. வேலூரில் பைக் மெக்கானிக் ஒருவர் கேட்டுவிட்டு, பிஸ்டன் போய்விட்டது, பிரிக்கணும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏரியில் தண்ணீர் இருக்கிற மாதங்கள்தான் எங்களுக்குப் பிழைப்பு. என்ன செய்யலாம்?

வாலாஜா வண்டி:
பெட்ரோலில் ஆயில் கம்மியா இருக்கும். கூட்டி ஊத்திப் பாருங்க.

ஏரிக்கரை:
லிட்டருக்கு 20 மி.லி. ஊற்றுகிறோம் அண்ணா.

ஆற்காடு லேத்:
தம்பி, அந்த அளவு சரி. மேலே கூட்டினால் பிளக் கரி பிடிக்கும், சத்தம் போகாது.

பழவேற்காட்டில் படகு இன்ஜின் வேலை பார்த்தவன் நான். பிஸ்டன் தட்டினால் நியூட்ரலிலும் தட்டும். கியர் போட்டால்தான் வருகிறது என்றால் கீழே கியர் பெட்டியைப் பாருங்கள். அதில் இன்ஜின் சுற்றுகிற பினியன் என்ற சின்னப் பல் சக்கரம் ஒன்று, முன் கியர் ஒன்று, ரிவர்ஸ் கியர் ஒன்று. நியூட்ரலில் மூன்றும் சும்மா சுற்றும், புரொப்பல்லர் நிற்கும். முன் கியர் விழுந்ததும் படகைத் தள்ளுகிற பாரம் முழுக்க அந்தப் பக்கத்து பேரிங் மேல் ஏறுகிறது. ரிவர்ஸில் சத்தம் குறைகிறது என்று சொன்னீர்களே, என் சந்தேகம் அந்த பேரிங் மேல்தான்.

முதலில் புரொப்பல்லர் கழலாமல் பிடித்திருக்கிற காட்டர் பின்னை உருவி புரொப்பல்லரைக் கழற்றுங்கள். ஷாஃப்ட்டில் வலை நரம்பு சுற்றியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஏரி, கடல் எங்கே ஓட்டினாலும் இந்த நரம்புதான் எமன். சுற்றிச் சுற்றி உள்ளே போய், தண்ணீர் புகாமல் தடுக்கிற ஆயில் சீலை அறுத்துவிடும். உங்கள் பக்கம் தண்ணீர் வற்றும்போது சீமைக்கருவேல அடிக்கட்டை வேறு இடிக்கும். இறக்கை வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் கியர் பெட்டியின் கீழ் ஸ்க்ரூவைத் திறந்து, மேல் ஸ்க்ரூவையும் தளர்த்தி, கியர் ஆயிலை வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். பால் கலந்த டீ போல வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒரு காந்தத்தை விட்டு எடுங்கள். மாவு மாதிரி ஒட்டினால் பயமில்லை. தகடு தகடாக வந்தால் கியர் பல் உடைந்திருக்கிறது, அதோடு ஓட்டவே கூடாது.

ஏரிக்கரை:
அண்ணா, பார்த்தாச்சு. நரம்பு ஒரு கைப்பிடி சுற்றியிருந்தது. ஆயில் நீங்கள் சொன்ன அதே நிறம். காந்தத்தில் மாவுதான், தகடு இல்லை. ஷாஃப்ட்டைக் கையால் சுற்றினால் சொரசொரவென்று இருக்கிறது.

ஆற்காடு லேத்:
அப்படியானால் பல் தப்பியது. தண்ணீர் பட்டு பேரிங் துரு ஏறியிருக்கும். சீல், பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். சீலை மட்டும் மாற்றினால் சத்தம் அப்படியே இருக்கும். புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாகவே ஏற்றுங்கள், மேல் ஓட்டையில் வழிகிற வரை. அப்போதுதான் காற்று உள்ளே நிற்காது. மூடும்போது முதலில் மேல் ஸ்க்ரூ, பிறகு கீழ் ஸ்க்ரூ. வாஷர் இரண்டும் புதுசு போடுங்கள்.

பழைய பேரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் இருக்கிற நம்பரைப் படம் எடுத்துப் போடுங்கள், எது வாங்கணும் என்று சொல்கிறேன்.