கோல சிலாங்கூர் பூங்காவில் தொண்டர்கள் எடுக்கும் உயிரினக் கணக்கு செல்லுமா?

பெர்ஜுந்தை வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். பெஸ்தாரி ஜெயாவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருந்து இடைநிலைப்பள்ளி மாணவர்களும், தோட்ட வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர்களும் சேர்ந்து, கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் பறவை, விலங்கு, தாவரக் கணக்கெடுப்புக்குத் தொண்டர்களாகச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவர், தெரியாதவர்கள் எடுக்கும் கணக்கால் அறிவியலுக்குக் கெடுதியே விளையும் என்று எழுதியதால் பலர் தயங்குகிறார்கள். எனக்கு அந்தக் கருத்து ஏற்புடையதன்று. 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இன்றுவரை ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில் தொண்டர்களை நம்பியே நடக்கிறது. அதே ஆண்டில் திறக்கப்பட்ட இந்தப் பூங்காவைப் பல்லாண்டு பராமரித்த மலேசிய இயற்கைச் சங்கமும் ஆர்வலர்களின் உழைப்பால் வளர்ந்ததுதான். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

அறிவியல் ஆசிரியர்:
ஐயா, புலனத்தில் எழுதியவர் நான் இல்லை; ஆயினும் அவருடைய அச்சம் நியாயமானது. வலசைப் பருவத்தில் சிலாங்கூர் கரையோரச் சேற்றுப்பரப்புக்கு வரும் பச்சைக்காலி என்னும் உள்ளான் வகைப் பறவைகளோடு, உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள நோர்ட்மன் பச்சைக்காலியும் வருகிறது. தொலைவில் நிற்கையில் இரண்டும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். கால் சற்றுக் குட்டையாகவும் மஞ்சள் சாயலோடும் இருக்கிறதா, அலகு தடித்து அதன் அடிப்பகுதி மஞ்சளாக இருக்கிறதா, பறக்கும்போது கால்விரல்கள் வாலைத் தாண்டி நீளுகின்றனவா என்பதையெல்லாம் சில விநாடிகளில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பயிற்சி இல்லாத கண் எல்லாவற்றையும் சாதாரணப் பச்சைக்காலி என்றே எழுதிவிடும். நாளை அந்த நிலத்தில் மண் கொட்டி மேடாக்க நினைப்பவர், அரிய பறவை எதுவும் அங்கே இல்லை என்பதற்கு நம் ஏட்டையே சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டில் சான்றாக வைக்க முடியும். அப்படிப் பதிவான கணக்கைப் பிறகு திருத்துவது எளிதன்று.

செம்பனைக் காட்டுப் பெரியவர்:
ஆசிரியர் தம்பிக்கு வணக்கம். ரப்பர் காலத்தில் பால் வெட்டி, பின்னர் செம்பனையில் ஓய்வுபெற்றவன் நான். வெட்டிக் கொண்டுவந்த பாலைத் தினமும் நிறுப்பார்கள்; தராசு சற்றுக் குறைத்துக் காட்டினாலும் என்றும் அதே தராசு என்பதால், இந்த மாதம் பால் கூடியதா குறைந்ததா என்பதில் எவருக்கும் ஐயம் வந்ததில்லை. ஒரே ஆட்கள் ஒரே பாதையில் ஆண்டுதோறும் எண்ணினால் பூங்காவிலும் அப்படித்தானே இருக்கும்? செம்பனையில் எலியைக் கட்டுப்படுத்தக் கம்பங்களில் பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியேற்றினார்கள். எந்தப் பெட்டியில் கூகை தங்கியிருக்கிறது, எது காலியானது என்பதை, அது கக்கிப்போட்ட உருண்டைகளில் உள்ள எலி எலும்பைப் பார்த்தே நாங்கள் சொல்லிவிடுவோம். அங்கே பழகிய கண் அலையாத்திக் காட்டில் மட்டும் உதவாமல் போகாது.

அறிவியல் ஆசிரியர்:
ஐயா, தராசு மாறாதவரை தாங்கள் சொல்வது சரி. ஆனால் எண்ணுபவரின் திறன் ஆண்டுக்கு ஆண்டு மாறும். முதல் ஆண்டில் பத்துப் பறவை இனங்களை மட்டும் அறிந்த மாணவர் மூன்றாம் ஆண்டில் நாற்பது இனங்களை அறிந்திருப்பார். காட்டில் எந்த மாற்றமும் இல்லாமலேயே பட்டியல் நீளும், நாமோ பறவைகள் பெருகிவிட்டன என்று மகிழ்வோம். வெள்ளிமுடிக் குரங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். செம்மஞ்சள் நிறக் குட்டியைப் பார்த்த எவரும் அந்த இனத்தைத் தவறவிட மாட்டார்கள். ஆனால் அவை புக்கிட் மலாவாத்திக் குன்றுக்கும் அதன் அடிவாரத்துப் பூங்காவுக்கும் போய் வருபவை. மேலே சுற்றுலாப் பயணிகள் தீனி கொடுக்கும் நேரத்தில் அங்கே கூடிவிடும். காலையில் கீழே எண்ணிய கூட்டத்தையே மதியம் மேலே மீண்டும் எண்ணினால் தொகை இரட்டிப்பாகிவிடும்.

அலையாத்திக் கரை:
ஆசிரியர் ஐயா சுட்டும் பிழைகள் எல்லாம் உண்மையானவை. அவை எழுத்தில் பிடிபடக்கூடியவையும்கூட. நான் சில ஆண்டுகளாக நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குச் செல்கிறேன். கடல் வற்றும்போது உள்ளான்கள் சேற்றில் பரவிவிடுவதால், நீர் ஏறி அவை ஒரே இடத்தில் ஒதுங்கும் நேரத்தை ஓத அட்டவணையில் பார்த்துத்தான் போவோம். தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், எண்ணியவர் எத்தனை பேர், பார்த்தவற்றை எல்லாம் எழுதினோமா அல்லது விரும்பியவற்றை மட்டும் எழுதினோமா என்பது ஏட்டில் இருக்கும். பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் இணையத்தளமும் இவற்றையே கேட்கிறது. இவ்விவரங்கள் இருந்தால், எண்ணியவர்களின் அனுபவம் கூடியதால் பட்டியல் நீண்டதா என்பதைப் பிறகு ஆராய்பவர் கணக்கில் கொள்ளலாம். புதியவரும் பழகியவரும் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்காமல் எழுதினால், புதியவர் எவ்வளவு தவறவிடுகிறார் என்பதும் தெரிந்துவிடும். குரங்குகளை மலையிலும் பூங்காவிலும் ஒரே நேரத்தில் இரண்டு குழுக்கள் எண்ண வேண்டும். உறுதியாகத் தெரியாத பறவையைப் "பச்சைக்காலி, இனம் தெரியவில்லை" என்று எழுதுவதே முறை. அப்படி எழுதிய ஏட்டை வைத்து நோர்ட்மன் இங்கே இல்லை என்று எவரும் வாதிட முடியாது.

தாவரங்களில் இந்தச் சிக்கல் குறைவு. அப்பி-அப்பி மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில்போல் நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களையும், பாக்காவ் மரத்தின் வளைந்த முட்டுவேர்களையும் ஒருமுறை காட்டினால் போதும்; மாணவர்கள் பிறகு தவறுவதில்லை. சிலாங்கூர் ஆற்றங்கரையிலுள்ள கம்போங் குவாந்தானில் மின்மினிகள் கூடும் பெரெம்பாங் மரங்களை ஆற்றோரமாக வரிசைப்படி குறித்துவைப்பதும் தொண்டர்களால் இயலும் வேலை. அந்த மின்மினிகளின் புழுக்கள் ஈரக் கரையில் நத்தைகளைத் தின்று வளர்பவை என்பதால், கரை எங்கே வெட்டப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதலாம். ஆய்வாளர் திட்டக்காலம் முடிந்ததும் போய்விடுவார்; இந்த ஆற்றின் கரையில் ஆண்டு முழுதும் இருப்பவர்கள் நாம்தான்.

அறிவியல் ஆசிரியர்:
அலையாத்திக் கரை அம்மா சொன்ன முறைப்படி நடந்தால், தாவரங்களையும் ஓதநேர நீர்ப்பறவைகளையும் பற்றி எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் முதல் ஆண்டு எண்களைப் பொதுவில் வெளியிடக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். அது பயிற்சி ஆண்டு.

பெர்ஜுந்தை வாசகர்:
ஐயா, இந்த ஒன்றில் மட்டும் உடன்பட இயலவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துக் குறைந்துவிட்டதா என்று கேட்பவருக்கு ஒப்பிட முதல் ஆண்டு வேண்டும். வெளியிடாத ஏடு இரண்டு தலைவர்கள் மாறினால் எவர் வீட்டிலோ தங்கிவிடும். எனவே எண்களோடு எண்ணியவர்களின் அனுபவம், நேரம், தூரம் அனைத்தையும் இணைத்து, பயிற்சி ஆண்டு என்ற குறிப்புடன் வெளியிடுவோம். இரண்டு குழுக்கள் அமையாத நாளில் குரங்குகளின் மொத்தத் தொகையைச் சொல்லாமல், பார்த்த இடத்தையும் நேரத்தையும் மட்டும் பதிவு செய்வோம். இதற்கும் தங்களுக்கு மறுப்பு இருந்தால் ஜனவரிக்கு முன்பாக எழுதுங்கள். மலைக்குழுவுக்குப் பொறுப்பேற்க இயலுமா என்பதையும் தெரிவியுங்கள்.