பனோரமிக் சன்ரூஃப்: இடது முன் வடிகால் (டிரெயின்) குழாயில் அடைப்பு, கார்பெட்டில் தண்ணீர்

வணக்கம். மழை பெய்தால் என் காரில் முன் இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் கார்பெட் ஊறிவிடுகிறது. 2021 மாடல் டீசல் எஸ்யூவி. வேளச்சேரியில் புங்கை மரத்தடியில்தான் நிற்கும், வேறு இடமில்லை. போன அக்டோபர் மழையில் தொடங்கியது. இப்போது ஏ பில்லர் (முன் கண்ணாடியின் பக்கத் தூண்) ஓரம் பழுப்புக் கறை, ஏசி போட்டால் பூஞ்சை வாடை.

கூரையில் உள்ள சன்ரூஃப் கண்ணாடியைத் திறந்து, அதைச் சுற்றியுள்ள காடியில் இருந்த பூ, சருகு, மண் எல்லாம் வழித்து எடுத்தேன். அப்புறம் தண்ணீர் வடியும் நான்கு மூலைத் துளைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மூன்று துளைத் தண்ணீர் காருக்கு அடியில் ஒழுகுகிறது. இடது முன்துளையில் மட்டும் தேங்கி நிற்கிறது. புல்வெட்டி நைலான் நரம்பை விட்டால் ஒரு முழத்தில் முட்டுகிறது. கம்ப்ரஸர் காற்று அடிக்கவில்லை, துளைக்குக் கீழே உள்ள வடிகால் குழாய் கழன்றால் தண்ணீர் முழுக்க உள்ளேதான் கொட்டும். சர்வீஸில் சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை மாற்றச் சொல்கிறார்கள். ரப்பரைத் தாண்டி வரும் நீரை வாங்கத்தானே கீழே தட்டும் குழாயும் இருக்கின்றன? எனக்கு அது சரியாகப் படவில்லை.

குழாயைப் பார்க்க ஏ பில்லர் உறையைக் கழற்ற வேண்டும், அங்கே கர்ட்டன் ஏர்பேக் (விபத்தில் பக்க ஜன்னல் ஓரம் விரியும் காற்றுப்பை) இருக்கிறது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு இதை வீட்டிலேயே பாதுகாப்பாகச் செய்ய முடியுமா?