அப்பா பெயரில் இருக்கும் வயல்: எங்கிருந்து தொடங்குவது?

குழுவில் உள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வயல் இருக்கிறது. அப்பா காலமாகி மூன்று வருடம் ஆகிறது. பட்டா இன்னும் அவர் பெயரில்தான். கார் பருவ அறுவடை முடியட்டும் என்பேன், பிறகு பிசானப் பருவம் முடியட்டும் என்பேன். இப்படியே ஆறு போகம் போய்விட்டது.

பத்திரமும் தீர்வை ரசீதுகளும் ஒரு மஞ்சள் பையில், டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கின்றன. போன வாரம் துணிந்து திறந்தேன். அப்பா பென்சிலால் சர்வே எண்ணைக் குறித்துவைத்த பழைய பஸ் டிக்கெட் ஒன்று கையில் வந்தது. பெட்டியை மூடிவிட்டு, யாரும் சொல்லாமலே தொழுவத்தைக் கழுவப் போய்விட்டேன். (இந்த மாதிரி நேரத்தில்தான் எனக்குச் சுறுசுறுப்பு பொங்குகிறது.)

இறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டையுடன் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அது கிடைத்தபின் பட்டா மாறுதல் என்பதுவரை தெரியும். தாளில் சிக்கல் இல்லை. வாரிசுகளில் மும்பையில் இருக்கும் என் அண்ணனும் ஒருவர். அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷத்தன்று வந்த வாய்ச்சண்டைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை.

இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: முதலில் போன் செய்தீர்களா, விண்ணப்பம் போட்டுவிட்டுச் சொன்னீர்களா? எடுத்தவுடன் என்ன பேசினீர்கள்? இப்போதைக்குக் கூட்டுப்பட்டா வாங்கிவிட்டு, பாகப்பிரிவினையைப் பிறகு பார்த்தவர்கள் யாராவது உண்டா?

வியாழக்கிழமை இ-சேவை மையத்துக்குப் போவதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதற்குள் பதில் வந்தால் நல்லது.