பாதத்தில் உணர்ச்சி சரி, ஆனால் எழுந்தால் கண் இருட்டுகிறது: நரம்புதான் காரணமா?

கேள்வி – சர்க்கரைப் பிரிவு செவிலியர்
நோயாளிக்கு வயது 60, சர்க்கரை வந்து 14 வருடம். காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது, உட்கார்ந்தால் தெளிந்துவிடுகிறது. உட்காரவைத்து எடுத்த பி.பி. 134/82. 10 கிராம் மோனோஃபிலமென்ட் (தொடு உணர்ச்சி பார்க்கும் நைலான் இழை) தொட்ட இடத்தையெல்லாம் சரியாகச் சொல்கிறார். பாதத்தில் வியர்வை மட்டும் இல்லை, குதிகால் வெடித்திருக்கிறது. நரம்புப் பாதிப்பு இல்லை என்று விட்டுவிடலாமா?

பதில் 1 – நரம்பியல் பயிற்சி மருத்துவர்
விடக்கூடாது. மோனோஃபிலமென்ட் சோதிப்பது மயலின் என்ற கொழுப்பு உறை போட்ட தடித்த நரம்பு இழைகளை. இரத்தக்குழாய்க்கும் வியர்வைச் சுரப்பிக்கும் போகிற பரிவு நரம்பு (நம் விருப்பமின்றித் தானாக இயங்கும் நரம்பு வகை) இழைகள் மெல்லியவை, உறையில்லாதவை. தடித்தவை நன்றாக இருக்கும்போதே இவை கெட்டிருக்கலாம். வியர்வை நின்ற பாதமே அதற்கு ஒரு தடயம். குண்டூசிக் குத்தும் குளிர்ச்சியும் தெரிகிறதா என்று பாருங்கள்.

எழுந்து நிற்கும்போது 500 முதல் 800 மி.லி. இரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இதை 9ஆம், 10ஆம் மூளை நரம்புகள் வழியாக மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சொல்கின்றன. முகுளம் உடனே இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்துகிறது, நாடி ஏறுகிறது. பரிவு நரம்பைத் தூண்டுகிறது, நாரட்ரினலின் சுரந்து குழாய்கள் இறுகுகின்றன. சர்க்கரையில் பெரும்பாலும் அறுந்துபோவது குழாய்களுக்குக் கட்டளை கொண்டுபோகிற இந்தப் பரிவு நரம்புக் கம்பிதான்.

பதில் 2 – மருத்துவ வார்டு
உட்காரவைத்து எடுத்த பி.பி. இதற்கு உதவாது. 5 நிமிடம் மல்லாந்து படுக்கவைத்து பி.பி.யும் நாடியும் எடுங்கள். நிற்கவைத்து 1ஆவது, 3ஆவது நிமிடத்தில் மறுபடி. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், நிற்கும்போது பி.பி. இறங்குவது உறுதி; காரணம் நரம்பா என்பதை நாடி சொல்லும். நிற்கும்போது கையை இதய மட்டத்தில் தாங்கிப் பிடியுங்கள். தொங்கவிட்டால் அளவு கூடிக் காட்டும், இறக்கம் மறைந்துபோகும். பலர் தவறுவது இங்கேதான்.

நாடியை விட்டுவிடாதீர்கள். உதாரணமாக, மேல் அளவு 142 என்பது 112 ஆகி, நாடி 88இலிருந்து 94 மட்டுமே ஆனால், நாடி ஏற்றம் 6ஐ பி.பி. இறக்கம் 30ஆல் வகுக்க 0.2. இது 0.5க்குக் கீழே என்றால் நரம்பைச் சந்தேகிக்கலாம். உடலில் நீர் வற்றியதால் பி.பி. இறங்குபவருக்கு நாடி நன்றாக ஏறும். பீட்டா பிளாக்கர் (நாடியைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுபவருக்கு இந்தக் கணக்கு செல்லாது.

கேள்வி கேட்டவர்
படுத்திருக்கும்போதே நாடி 98. வலிக்கு அமிட்ரிப்டிலின், சிறுநீருக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறார்.

பதில் 1 – நரம்பியல் பயிற்சி மருத்துவர்
ஓய்வில் 98 என்றால் வேகஸ் சந்தேகம் கூடுகிறது. சர்க்கரையில் அது சீக்கிரமே பாதிக்கப்படும் நீண்ட நரம்பு. ஆனால் அமிட்ரிப்டிலினும் நாடியை ஏற்றும். இரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிட வேண்டும். இசிஜி ஓடவிட்டு, நிமிடத்துக்கு 6 மூச்சு ஆழமாக இழுக்கச் சொல்லுங்கள். இழுக்கும்போதும் விடும்போதும் உள்ள நாடி வித்தியாசம் 15க்கு மேல் இருக்க வேண்டும். 10க்குள் என்றால் பாதிப்பு. வயதானால் இயல்பாகவே கொஞ்சம் குறையும்.

பதில் 3 – மருந்தாளுநர்
அந்த இரண்டு மாத்திரையுமே நிற்கும்போது பி.பி.யை இறக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் அளவுகளோடு காட்டுங்கள். அதுவரை, எழும் முன் 500 மி.லி. தண்ணீரை மடமடவென்று குடிக்கட்டும் (இதயம், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் கேட்டுக்கொண்டுதான்). கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து 15 செ.மீ. உயர்த்துங்கள். தலையணை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். தட்டையாகப் படுத்தால் இரவில் பி.பி. ஏறி, சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றிவிடும். விடியற்காலை மோசமாவது அதனால்தான். முழங்கால் வரையுள்ள காலுறையால் பெரிய பயனில்லை, இரத்தம் அதிகம் தேங்குவது வயிற்றில். வயிற்றுப் பட்டை அதைவிட நல்லது; படுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

இன்சுலின் போடுகிறாரா? இந்த நரம்புகள் கெட்டிருந்தால், சர்க்கரை இறங்கும்போது வருகிற வியர்வை, படபடப்பு, நடுக்கம் இவருக்கு வராமலே போகலாம். குளுக்கோமீட்டரை மட்டும் நம்பச் சொல்லுங்கள்.