ஆண்ட்ராய்டில் சீரியல் நம்பர் கேட்டால் 'அன்நோன்' என்று வருகிறது

கிடங்கு_கோடர்:
வணக்கம். ஒரு கிடங்குக்காகச் சரக்கு எண்ணும் ஆப் எழுதிக்கொண்டிருக்கிறேன், கோட்லின்தான். எந்த டேப்லெட்டிலிருந்து கணக்கு வந்தது என்று சர்வருக்குத் தெரிய வேண்டும். அங்கே ரெஜிஸ்டரில் ஒவ்வொரு டேப்லெட்டையும் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் நம்பரை வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள், அதனால் அதே நம்பர் கோடில் கிடைத்தால் வேலை முடிந்தது. ஆண்ட்ராய்டு 7 டேப்லெட்டில் பில்ட்.சீரியல் சரியாகத் தருகிறது. ஆண்ட்ராய்டு 13-இல் 'அன்நோன்' என்று மட்டும் வருகிறது. சரி என்று ரீட் ஃபோன் ஸ்டேட் அனுமதி வாங்கி பில்ட்.கெட்சீரியல் போட்டால் செக்யூரிட்டி எக்ஸப்ஷன், ஆப் மூடிக்கொள்கிறது. இன்னும் எந்த அனுமதி பாக்கி?

பழைய_ஜாவாகாரர்:
பாக்கி இருப்பது நமக்குக் கிடைக்காத அனுமதி. ஆண்ட்ராய்டு 8-இல் பில்ட்.சீரியலைக் கைவிட்டு கெட்சீரியலைக் கொண்டுவந்தார்கள், அப்போது ரீட் ஃபோன் ஸ்டேட் போதுமானதாக இருந்தது. 9-ஐ டார்கெட் செய்யும் (அதன் விதிகளுக்கு ஏற்ப எழுதிய) ஆப்புகளுக்குப் பழைய பில்ட்.சீரியல் எப்போதும் 'அன்நோன்'தான். 10-இலிருந்து ரீட் பிரிவிலேஜ்டு ஃபோன் ஸ்டேட் கேட்கிறது, அது சிஸ்டத்தோடு வரும் ஆப்புகளுக்கு மட்டும். ஐஎம்இஐ-க்கும் இதே கதி. டார்கெட் எஸ்டிகேயை 28-க்கு, அதாவது ஆண்ட்ராய்டு 9-க்கு, இறக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள், எக்ஸப்ஷன் நிற்கும், ஆனால் பதில் மறுபடியும் 'அன்நோன்'.

மதுரை_டெவ்:
ஆண்ட்ராய்டே ஆப்புக்குத் தரும் ஆண்ட்ராய்டு ஐடியை எடுத்துக்கொள்ளுங்கள் ப்ரோ, அனுமதியே வேண்டாம், ஒரே வரி.

பழைய_ஜாவாகாரர்:
அது ரெஜிஸ்டரில் இருக்கும் நம்பர் இல்லையே. தவிர ஆண்ட்ராய்டு 8-க்குப் பிறகு அந்த ஐடி ஆப்பின் சைனிங் கீ (ஆப்பில் டெவலப்பர் போடும் டிஜிட்டல் கையெழுத்துக்கான கீ), பயனர், சாதனம் மூன்றும் சேர்ந்து உருவாவது. டெஸ்டிங்குக்கான டீபக் பில்டில் ஒன்று வரும், ரிலீஸ் கீயில் சைன் செய்த அதே ஆப்பை அதே டேப்லெட்டில் போட்டால் வேறு வரும், ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் மாறும். பலர் டெஸ்டிங்கில் பார்த்த ஐடிகளை டேட்டாபேஸில் ஏற்றிவிட்டு அப்புறம் ஒன்றுமே பொருந்தவில்லை என்று இங்கே வந்து கேட்பார்கள்.

கிடங்கு_கோடர்:
ஏடிபியில் (கணினியிலிருந்து கேபிள் வழியாக டேப்லெட்டுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) கெட்பிராப் ஆர்ஓ.சீரியல்நோ அடித்தால் நம்பர் வருகிறதே! அதையே ஆப்பிலிருந்து ரன்டைம் எக்ஸெக் வழியாக ஓட்டினால்?

பழைய_ஜாவாகாரர்:
காலி வரிதான் வரும். கேபிள் வழியாக வரும்போது நீங்கள் ஷெல் பயனர், அதற்கு உரிமை உண்டு. ஆப்புக்கு அந்த ப்ராபர்ட்டியைப் படிக்க ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸ் விடாது.

எம்டிஎம்_அக்கா:
டேப்லெட் எல்லாம் நிறுவனத்துடையதுதானே? அப்படியானால் நேர்வழி இருக்கிறது. ஆப்பை டிவைஸ் ஓனர் (சாதனம் முழுவதையும் நிர்வகிக்கும் ஆப்) ஆக்கினால் கெட்சீரியல் உண்மையான நம்பரைத் தரும். டெஸ்டுக்கு ஏடிபியில் டிபிஎம் செட்-டிவைஸ்-ஓனர் போதும், அந்த டேப்லெட்டில் எந்த அக்கவுண்டும் சேர்த்திருக்கக் கூடாது. மற்றவற்றுக்கு ஃபேக்டரி ரீசெட் செய்து, வெல்கம் திரையை ஆறு தடவை தட்டினால் க்யூஆர் ஸ்கேனர் திறக்கும், அங்கிருந்து சேர்க்க வேண்டும். ரீட் ஃபோன் ஸ்டேட்டை மேனிஃபெஸ்டிலிருந்து (ஆப் கேட்கும் அனுமதிகள் எழுதியிருக்கும் ஃபைல்) எடுத்துவிடாதீர்கள், 10-இல் டிவைஸ் ஓனருக்கும் அது வேண்டும். ஏற்கெனவே எம்டிஎம் (நிறுவனத்தின் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) ஓடுகிறது என்றால் டிவைஸ் ஓனர் இடம் அதனுடையது, உங்கள் ஆப்புக்குக் கிடைக்காது. ஆனால் பல எம்டிஎம்களில் சீரியலை மேனேஜ்டு கான்ஃபிகரேஷனில் (எம்டிஎம் ஆப்புக்குத் தரும் அமைப்புகள்) வைத்து அனுப்பும் வசதி உண்டு, ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் மேனேஜரில் படித்துக்கொள்ளலாம்.

மலிவு விலை டேப்லெட்டாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சிலவற்றில் தொழிற்சாலையிலேயே சீரியலை எழுதாமல் விட்டுவிடுவார்கள், எல்லாவற்றிலும் 0123456789ஏபிசிடிஇஎஃப் என்றே இருக்கும், ஸ்டிக்கரில் மட்டும் வேறு நம்பர்.

மதுரை_டெவ்:
ஒரு சந்தேகம், சரக்கு எண்ணும் ஆப்பில் பார்கோடு ஸ்கேனர் ஏற்கெனவே இருக்குமே? முதல் தடவை திறக்கும்போது டேப்லெட் வந்த பெட்டியில் இருக்கும் சீரியல் பார்கோடை ஸ்கேன் செய்யச் சொல்லி சேமித்துவிட்டால் என்ன? ஆண்ட்ராய்டு எத்தனையாவது வெர்ஷன் என்ற கவலையே இல்லை. பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தால் செட்டிங்ஸில் அபௌட் பக்கத்தைப் பார்த்துக் கையால் அடிக்கட்டும்.

எம்டிஎம்_அக்கா:
இதுவும் நல்ல யோசனைதான். சேமிக்கும் ஃபைலை மட்டும் ஆட்டோ பேக்கப்பிலிருந்து விலக்கிவிடுங்கள். இல்லையென்றால் உடைந்த டேப்லெட்டுக்குப் பதில் புதிதாக ஒன்றை அதே கூகுள் அக்கவுண்டில் ரீஸ்டோர் செய்யும்போது பழைய நம்பரும் கூடவே வந்துவிடும், ரெஜிஸ்டரில் கழித்துக்கட்டிய டேப்லெட் சர்வரில் இன்னும் கணக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

கிடங்கு_கோடர்:
எம்டிஎம் எதுவும் இல்லை. ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும் டேப்லெட்டுகளை ரீசெட் செய்ய விடமாட்டார்கள், அதனால் அவற்றுக்கு ஸ்கேன் வழி, இனி வாங்குபவற்றுக்கு டிவைஸ் ஓனர். ஆப்பில் சர்வருக்கு அனுப்பும் ஃபீல்டு ஒன்றுதான், எந்த வழியில் வந்த நம்பர் என்பதையும் கூடவே தனி நெடுவரிசையில் எழுதி வைத்துவிடுகிறேன்.