ஹைலக்ஸ் பிக்கப் வண்டியின் பின்பக்கம் உட்காருகிறது, என்ன செய்யலாம்?
வணக்கம் அண்ணன்மாரே, மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு டிரெய்லரில் ஜெனரேட்டர், அண்டா எல்லாம் ஏற்றி, என் பழைய ஹைலக்ஸின் பின்னாலும் 500 லிட்டர் தண்ணீர் வைத்தால் (அதுவே 500 கிலோ) பின்பக்கம் உட்கார்ந்து, முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடிமானமே இல்லை, ஹெட்லைட் வேறு மரத்து உச்சியைப் பார்க்கிறது. டிரெய்லர் எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் கொக்கியில் இறங்கும், அதுவும் வண்டி பாரத்தோடு சேரும் என்பது இப்போதுதான் உறைத்தது.

பட்டறையில் கூடுதல் பட்டை ஸ்பிரிங் போடச் சொல்கிறார்கள், மச்சான் ஏர்பேக் (பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை) என்கிறார். சரி, இரண்டுமே வண்டியைத் தூக்கி நிறுத்தும். ஆனால் அச்சு, பிரேக், டயர் பழையதுதானே, அனுமதித்த எடை எப்படிக் கூடும்? ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை), புஸ்பகோம் (வாகனப் பரிசோதனை நிலையம்) பக்கம் சிக்கல் வராமல் இதைச் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தண்ணீரை டிரெய்லர் அச்சுக்கு நேர் மேலே மாற்றிவிட்டால் போதுமா?