மறு: 'பாஸ் த்ரூ'வுக்குத் தமிழ் – 'கடத்தல்' வேண்டாமே

அண்ணே, வணக்கம். 'எக்ஸ்சேஞ்ச் ரேட் பாஸ் த்ரூ'வுக்குத் தமிழாக நீங்கள் எழுதியிருந்தது:

> செலாவணி வீதம் மாறும்போது அந்த மாற்றத்தில் எவ்வளவு பொருளின் விலையில் வந்து சேருகிறதோ, அதைச் 'செலாவணிக் கடத்தல்' எனலாம்.

விளக்கம் சரி, சொல்தான் உதைக்கிறது. இப்படித் தலைப்பு வைத்தால் விமான நிலையத்தில் யாரோ பிடிபட்டதாகத்தான் படிப்பார்கள். வெப்பக் கடத்தல் பழகிவிட்டது, ஆனால் பணத்தோடு ஒட்டினால் அந்தச் சொல் சுங்கத்துறைப் பக்கம் போய்விடுகிறது.

என் பரிந்துரை 'விலைப்பாய்வு'. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்குக் கணக்கு எழுதுகிறேன், பில் எல்லாம் டாலரில். ரூபாய் சரிந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம் என்று ஊரில் நினைக்கிறார்கள். சரிந்த மறுநாளே வளைகுடா பார்ட்டி வாட்ஸ்அப்பில் வந்து, "உங்களுக்குத்தான் ரூபாய் கூட வருதே, டன்னுக்கு இருபது டாலர் குறைங்க" என்பார். அவர் ஊர் திர்ஹம் டாலரோடு கட்டிப்போட்டது, அதனால் நாங்கள் குறைத்தால் ஒழிய அவருக்கு விலை அசையாது. குறைத்தால் அந்த அளவுக்குப் பாய்ந்தது. பிடித்துக்கொண்டால் பாயவில்லை, லாபமாக ஆலையிலேயே தங்கிவிட்டது. 'பெங்களூரா' ரக மாங்காய் கொண்டுவந்து இறக்குகிற விவசாயிவரை அது போகுமா என்றால், கடைமடைக்குத் தண்ணீர் போன கதைதான். 'பாய்வு' எனக்குத் தோன்றியதே அங்கிருந்துதான். ('பாய்ச்சல்' வேண்டாம், விலை எகிறியது போலாகிவிடும்.)

ஓசூரில் உதிரிபாகம் செய்யும் சின்ன ஷெட்டில் நிலைமை வேறு. இறக்குமதி இன்சர்ட்டும் (உலோகம் வெட்டும் முனை) பேரிங்கும் டாலர் ஏறினால் அடுத்த லாட்டிலேயே விலை கூடிவிடும், ஆனால் ஷெட்காரர் சப்ளை செய்கிற கம்பெனி மூன்று மாதம் கழித்துத்தான் ரேட்டைத் திருத்தும், அதுவும் பாதி. வாங்குமிடத்தில் முழுப்பாய்வு, விற்குமிடத்தில் குறைப்பாய்வு, நடுவில் மார்ஜின் போச்சு. நாலு தடவை இப்படி அடிபட்டவர் சொந்தச் சரக்கு வாங்குவதை விட்டு, கம்பெனி தரும் இரும்பில் கூலிக்கு ஜாப் ஒர்க் மட்டும் செய்ய இறங்கிவிடுகிறார். தொழில் கட்டமைப்பு மாறுகிறது என்று நாம் பெரிதாக எழுதுவது இதைத்தான்.

ஜப்பானுக்கும் இந்தச் சொல் பொருந்துகிறதா என்று பார்த்தேன். 1985 செப்டம்பரில் டாலருக்கு 240 யென் பக்கம் இருந்தது, இரண்டே ஆண்டில் 150க்குக் கீழே வந்தது, அதாவது யென் மதிப்பு ஏறியது. அமெரிக்காவில் ஜப்பான் கார் விலை அந்த அளவுக்கு ஏறவில்லை, குறைப்பாய்வு. மீதியை லாபத்தில் தாங்கினார்கள், அப்புறம் ஆலைகளையே அமெரிக்காவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் கொண்டுபோனார்கள்.

இன்னொன்று. நாணயத்துக்குத் 'தேய்மானம்' என்று எழுதுவதை விடுங்கள். எங்கள் கணக்கில் அது பழசாகிற கொதிகலனின் மதிப்பை வருஷாவருஷம் குறைத்துப் போடுவது. ரூபாய்க்கு 'மதிப்புச் சரிவு' போதும், அரசு தானே குறைத்தால் 'மதிப்பிறக்கம்', 1991 ஜூலையில் செய்தது போல.

*

தம்பி, கடத்தலை வாபஸ் வாங்கிக்கொண்டேன். ஆனால் 'விலைப்பாய்வு' என்றால் விலையே பாய்வதாக வருகிறது. பாய்வது வீத மாற்றம், விலை வந்து சேரும் இடம். 'வீதப்பாய்வு' என்றால்?

*

வட்டி வீதமா என்று கேட்பார்கள் அண்ணே.